பாவித்த கோல்ஃப் மட்டை வாங்கப் போகிறீர்களா?

போன வருடம் வைகாசி மாதம், மார்க்கத்தில் ஒரு கராஜ் சேலில் 90 டொலர் கொடுத்து ஒரு செட் கோல்ஃப் மட்டைகள் வாங்கினேன். ஒன்பது மட்டைகளும் ஒரு தோல் பையும். மட்டைகள் கண்ணாடி போல மினுங்கின. தண்டில் ஒட்டியிருந்த சிறிய பட்டியில் ‘எஸ்’ என்று ஓர் எழுத்து இருந்தது. எனக்கு வயது ஐம்பத்திநான்கு. அது ‘சீனியர்’ என்பதன் சுருக்கம், எனக்கென்றே செய்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அது ‘ஸ்டிஃப்’ என்பதன் சுருக்கம். விறைப்பான தண்டு என்று பொருள். வேகமாக வீசக்கூடிய இளைஞர்களுக்கானது. இதை அறிய எனக்கு ஆறு கிழமை பிடித்தது. அந்த ஆறு கிழமையும் பந்து நிலத்தை விட்டு எழும்பவில்லை. முழங்கை வலி மட்டும் மிஞ்சியது.

நான் கோல்ஃப் ஆட ஆசைப்பட்டவன் அல்ல. மகனுக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூட அணியில் ஆடுகிறவன். செப்டெம்பரில் பல்கலைக்கழகத்துக்காக வாட்டர்லூ போக இருந்தான். “அப்பா, ஞாயிற்றுக்கிழமை காலமையில என்னோட வாங்கோவன்” என்று அவனாகக் கேட்டான். இரண்டு வேலை பார்த்த காலத்தில் அவனுடைய எத்தனையோ ஞாயிறுகளை நான் தவறவிட்டிருக்கிறேன். அதனால் மறுக்க மனம் வரவில்லை. ஆனால் இரண்டு முறை போய் அவமானப்பட்ட பிறகு, “வேலை இருக்குத் தம்பி” என்று பொய் சொல்லத் தொடங்கினேன். அவன் மூன்றாம் முறைக்குப் பிறகு கேட்கவில்லை.

பிழை என் கையில் மட்டும் இருந்ததாக நினைத்தேன். பாதிப் பிழை மட்டையில் இருந்தது. அந்த 90 டொலரை நீங்களும் வீணாக்கக்கூடாது என்பதற்காக, பிறகு நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்கு ஏன் இந்த ஆட்டம்?

கோல்ஃப் என்றதும் எம்மவர் பலருக்கு நினைவுக்கு வருவது நுவரெலியா. பட்டணத்தின் நடுவே, பஸ்ஸில் போகும்போது தெரியும் அந்தப் பச்சைப் புல்வெளி. 1889இல் பிரித்தானியர் தொடங்கிய கழகம் அது. நாங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்த ஆட்டம்.

இங்கே நிலைமை வேறு. ரொறன்ரோ மாநகரசபையே பொதுத் திடல்களை நடத்துகிறது. ஸ்காபரோவில் உள்ள ராம் ஓ’ஷான்ரர் அதில் ஒன்று. விக்ரோறியா பார்க் சுரங்க ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள டென்ரோனியா பார்க் இன்னொன்று. அங்கத்துவம் எதுவும் தேவையில்லை. அன்றைய கட்டணத்தைக் கட்டிவிட்டு ஆடலாம். டென்ரோனியாவில் எல்லாமே குறுகிய தூரக் குழிகள். மூன்று அடியில் முடிக்க வேண்டியவை. ஆரம்பக்காரருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. நீங்கள் இலண்டனிலோ மெல்பேணிலோ இருந்தாலும், உங்கள் ஊராட்சி நடத்தும் திடல் ஒன்று அருகில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆகவே செலவில் பெரிய பங்கு மட்டைக்குத்தான். அங்கேதான் பாவித்த மட்டை உதவுகிறது.

பழசு என்றால் குறைவா?

கனடா வந்த முதல் குளிருக்கு நாங்கள் போட்ட கோட்டு யாரோ பாவித்தது. அந்த நாட்களை மறக்க விரும்புவதாலோ என்னவோ, காசு வந்த பிறகு எம்மவர் பலர் புதுப்பெட்டி உடைத்தால்தான் திருப்தி அடைகிறார்கள். கோல்ஃபில் அந்தப் பெருமை வீண் செலவு.

மட்டைக் கம்பனிகள் அடிக்கடி புதிய மாதிரிகளைக் கொண்டு வருகின்றன. புதியது வந்ததும் பழையதன் விலை விழும். ஆனால் திறமை அவ்வளவு விழுவதில்லை. ‘டிரைவர்’ எனப்படும் மிகப் பெரிய மட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் தலை 460 கன சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அதன் முகம் பந்தை எவ்வளவு துள்ளவைக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. இந்த எல்லைகள் வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. பத்து வருடப் பழைய டிரைவரும் அநேகமாக அந்த எல்லையைத் தொட்டே நிற்கிறது. ஆரம்பக்காரரால் வித்தியாசத்தை உணர முடியாது.

‘அயன்’ எனப்படும் இரும்பு மட்டைகளில் இது இன்னும் உண்மை. இதற்குக் காரணமானவர்களில் முக்கியமான ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் கார்ஸ்டன் சொல்ஹைம். 1911இல் நோர்வேயின் பேர்கனில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே பெற்றோருடன் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தவர். சப்பாத்துத் தைக்கும் தொழில் செய்து, பிறகு பொறியியலாளர் ஆனவர். நாற்பது வயது தாண்டிய பிறகு, வேலைத்தல நண்பர்கள் அழைத்ததால்தான் கோல்ஃப் ஆடத் தொடங்கினார். பந்தைக் குழிக்குள் உருட்டும் ‘பட்டர்’ மட்டை அவருக்குச் சரிவரவில்லை. தன்னைக் குறை சொல்வதோடு நிற்காமல், மட்டையிலும் குறை இருக்கிறதா என்று பார்த்தார். 1959இல் தானே ஒரு பட்டரைச் செய்தார். பந்தில் பட்டதும் ‘பிங்’ என்று ஒலித்தது. அந்த ஒலியே அவருடைய கம்பனியின் பெயரானது.

அவர் செய்தது இதுதான். மட்டையின் தலையில் இருந்த பாரத்தை நடுவிலிருந்து எடுத்து ஓரங்களுக்கு நகர்த்தினார். இரண்டு முனையிலும் தண்ணீர்க்குடம் தொங்கும் காவுதடியை நினைத்துப் பாருங்கள். அதைத் தோளில் வைத்துச் சட்டென்று திருப்ப முடியாது. பாரம் நடுவில் இருந்தால் சுலபமாகத் திரும்பிவிடும். மட்டையின் தலையும் அப்படித்தான். ஆரம்பக்காரர் பந்தை நடுமுகத்தில் அடிப்பது அரிது. விலகி அடிக்கும்போது தலை முறுகினால் பந்து எங்கோ போகும். பாரம் ஓரத்தில் இருந்தால் முறுகல் குறையும், பந்து ஓரளவு நேராகப் போகும். 1982இல் வந்த ‘பிங் ஐ 2’ அயன்கள் இந்த முறையில் செய்யப்பட்டவை. இன்றும் பாவித்த சந்தையில் கிடைக்கின்றன, இன்றும் ஆடுகிறார்கள்.

தலையின் பின்புறத்தைப் பாருங்கள்

எனவே அயன் வாங்கும்போது முதலில் அதைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். பின்புறம் கிண்ணம் போலக் குழிந்து, ஓரம் தடித்து இருந்தால் அது ஆரம்பக்காரருக்கு ஏற்றது. ‘கவிற்றி பாக்’ என்பார்கள். பின்புறம் குழிவில்லாமல், மெல்லிய கத்தி போல அழகாக இருந்தால் அது ‘பிளேட்’. கைதேர்ந்தவர்களுக்கானது. நான் கராஜ் சேலில் மயங்கியது அந்த அழகில்தான். பிளேட்டில் நடு தவறினால் அதிர்வு நேரே முழங்கைக்கு வரும்.

மட்டையை நிலத்தில் வைத்து மேலிருந்தும் பாருங்கள். மேல்விளிம்பும் அடிப்பகுதியும் அகலமாக இருப்பது நல்லது. அகன்ற அடி புல்லில் புதையாமல் வழுக்கிச் செல்லும்.

தண்டில் உள்ள எழுத்து

தண்டு எவ்வளவு வளையும் என்பதை ஓர் எழுத்தால் குறிப்பார்கள். வளைவு கூடியதில் இருந்து குறைந்தது வரை வரிசை இப்படி: ‘எல்’ லேடீஸ், ‘ஏ’ அல்லது ‘எம்’ சீனியர், ‘ஆர்’ ரெகுலர், ‘எஸ்’ ஸ்டிஃப், ‘எக்ஸ்’ மிக விறைப்பு. சீனியருக்கு ‘எஸ்’ஸும் ‘ஆர்’உம் சேர்த்து எழுதும் கம்பனிகளும் உண்டு. எல்லாக் கம்பனிக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. ஒருவருடைய ரெகுலர் இன்னொருவருடைய ஸ்டிஃப் போல இருக்கலாம்.

எழுத்தின் பெயரில் பெண், முதியவர் என்று இருந்தாலும், அளப்பது வீசும் வேகத்தை மட்டுமே. பொதுவான கணக்கு: டிரைவரை மணிக்கு 85 முதல் 95 மைல் வேகத்தில் வீசுபவருக்கு ரெகுலர். அதைவிடக் குறைந்தால் சீனியர், கூடினால் ஸ்டிஃப். அளக்க வசதி இல்லாவிட்டால், புதிதாகத் தொடங்கும் ஆணுக்கு ரெகுலர் போதும். ஐம்பதைத் தாண்டியவர்கள் சீனியரைக் கையில் எடுக்க வெட்கப்படத் தேவையில்லை. பெண்களில் நன்றாக வீசக்கூடியவர்கள் சீனியரோ ரெகுலரோ எடுக்கலாம். சந்தேகம் என்றால் ஒரு படி இளக்கமான பக்கம் போங்கள்.

தண்டு உருக்கிலோ கிராஃபைட்டிலோ இருக்கும். உருக்கு பாரம் கூடியது, விலை குறைந்தது, நீண்ட நாள் நிற்கும். கிராஃபைட் இலேசானது, அதிர்வைக் குறைக்கும். தொழிற்சாலையில் நின்று தோளும் முழங்கையும் தேய்ந்தவர்களுக்குக் கிராஃபைட் நல்லது. ஒரு சிறிய காந்தத்தைக் கொண்டு போங்கள். உருக்குத் தண்டில் ஒட்டும், கிராஃபைட்டில் ஒட்டாது. விற்பவர் டைட்டானியம் என்று சொல்லும் டிரைவர் தலையில் காந்தம் ஒட்டினால், அது டைட்டானியம் இல்லை.

உயரமும் கையும்

உயரம் மட்டும் வைத்து மட்டையின் நீளத்தை முடிவு செய்யக்கூடாது. சப்பாத்துடன் நேராக நின்று, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து நிலம் வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். கை நீண்டவருக்கு இந்த அளவு குறையும், கை குட்டையானவருக்குக் கூடும். இந்த அளவையும் உயரத்தையும் சேர்த்தே கடைக்காரர் மட்டையின் நீளத்தைச் சொல்வார். சராசரி உயரமுள்ள ஆண்களுக்கு வழமையான நீளம் அநேகமாகப் பொருந்தும். பெண்களுக்கான மட்டைகள் பொதுவாக ஓர் அங்குலம் குறைவு. உயரம் குறைந்த ஆணுக்கும் அவை பொருந்தலாம்.

பந்தை அடிக்க நிற்பது போல நின்று மட்டையை நிலத்தில் வையுங்கள். அதன் அடிப்பகுதி ஏறக்குறையச் சமமாகப் படிய வேண்டும். நுனி நன்றாகத் தூக்கி நின்றால், வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் இழுபடும். நுனி நிலத்தில் குத்தினால் வலப்பக்கம் போகும். பிங் மட்டைகளில் இந்தச் சாய்வை ஒரு நிறப்புள்ளி காட்டும். கறுப்பு என்றால் வழமையானது. நீலம் கொஞ்சம் நிமிர்ந்தது, சிவப்பு கொஞ்சம் படிந்தது.

இன்னொன்று. கிரிக்கெட்டில் இடக்கையால் துடுப்பெடுத்து ஆடியவர்கள், கோல்ஃபிலும் இடக்கை மட்டையைப் பிடித்துப் பாருங்கள். ஹொக்கி ஆடும் நாடு என்பதால், கனடாவில் இடக்கை மட்டைகள் மற்ற நாடுகளைவிடச் சுலபமாகக் கிடைக்கும்.

எத்தனை மட்டை வேண்டும்?

பையில் 14 மட்டைகள் வரை வைத்திருக்கலாம் என்பது விதி. 14 வேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஆரம்பக்காரருக்கு எட்டு தாராளம்: ஒரு ஹைபிரிட், 6 முதல் 9 வரை நான்கு அயன்கள், பிட்சிங் வெட்ஜ், மணற்குழிக்கான சாண்ட் வெட்ஜ், ஒரு பட்டர். டிரைவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குறுகிய திடலில் அதற்கு வேலையே இல்லை.

அயனில் இலக்கம் குறையக் குறையத் தண்டு நீளும், முகத்தின் சாய்வு குறையும், அடிக்கக் கடினமாகும். 3ஆம், 4ஆம் அயன்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்த வேலையை ஹைபிரிட் சுலபமாகச் செய்யும்.

வேறு வேறு காலத்து அயன்களைக் கலக்கவும் வேண்டாம். பழைய 7ஆம் அயனின் முகச் சாய்வு 35 பாகை அளவில் இருந்தது. இன்றைய பல மட்டைகளில் அது 30 பாகைக்கும் கீழே. இலக்கம் ஒன்றாக இருந்தாலும் போகும் தூரம் ஒன்றாக இராது. பழைய 6ஆம் அயனோடு புதிய 7ஆம் அயனைச் சேர்த்தால், இரண்டும் ஒரே இடத்தில் பந்தைப் போட்டுவிடும்.

காசு கொடுக்கும் முன்

அடிப்பகுதியில் உள்ள கீறல்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது ஆடிய அடையாளம். கவனிக்க வேண்டியவை வேறு.

முகத்தில் உள்ள கோடுகளில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டுப்பட வேண்டும். தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தால், முக்கியமாக வெட்ஜில், வாங்காதீர்கள். ஒரு கையால் தண்டையும் மறு கையால் தலையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். அசைந்தால் பசை விட்டுவிட்டது. டிரைவரைக் காதோரம் வைத்துக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது உருண்டால், விலையைக் குறைத்துக் கேளுங்கள். அதன் மேல்மூடியில் மயிரிழை வெடிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். உருக்குத் தண்டை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தால் வளைவு தெரியும். மேலோட்டமான கறள் துடைத்தால் போகும்; குழி விழுந்த கறள் போகாது. கிராஃபைட் தண்டில், தலைக்குச் சற்று மேலே வெடிப்பு உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கடைசியாகப் பிடி. றப்பர் காய்ந்து மினுங்கினால் மாற்ற வேண்டும். ஒரு பிடி மாற்ற 15 டொலர் என்று வைத்தால், எட்டு மட்டைக்கு 120 டொலர். நூறு டொலர் செட் ஒன்று 220 டொலர் ஆகிவிடும். இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்பே போடுங்கள்.

இணையத்தில் இந்த வருட மாதிரி, புத்தம் புதிது, மூன்றில் ஒரு பங்கு விலை என்று கண்டால் விலகிப் போங்கள். போலி மட்டைகள் நிறைய உண்டு. ஐந்தாறு வருடப் பழைய மாதிரியைப் போலியாகச் செய்வதில் யாருக்கும் பெரிய இலாபம் இல்லை. இதுவும் பழையதை வாங்க ஒரு காரணம்.

பிள்ளைகளுக்கு

அப்பாவின் பழைய மட்டையை வெட்டிக் குட்டையாக்கிப் பிள்ளைக்குக் கொடுப்பது எங்கள் வீடுகளில் நடக்கும் விஷயம். நீளம்தான் குறையும். தலையின் பாரம் குறையாது, தண்டு இன்னும் விறைக்கும். பிள்ளை முழு உடம்பையும் வளைத்து அதைத் தூக்கப் பழகும். அந்தப் பழக்கத்தை மாற்ற வருடங்கள் எடுக்கும். சிறுவர்களுக்கென்று செய்த மட்டைகளை உயரத்துக்கு ஏற்ப, பாவித்ததாகவே வாங்குங்கள். இரண்டு வருடத்தில் பிள்ளை வளர்ந்துவிடும். மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்தால், ஒரே செட் அண்ணனிடமிருந்து மச்சாளுக்கும் அவளிடமிருந்து அவள் தம்பிக்கும் போகும்.

என்னுடைய எட்டு மட்டைகள்

என் மட்டையில் பிழை என்று முதலில் சொன்னவர், பயிற்சித் திடலில் பக்கத்தில் நின்று அடித்துக்கொண்டிருந்த ஒரு கொரிய முதியவர். என் தண்டில் இருந்த எழுத்தைக் காட்டித் தலையாட்டினார். தன்னுடைய 7ஆம் அயனைத் தந்தார். நான்காவது அடியில் பந்து எழும்பியது. இன்னொருவரின் மட்டையை இரவல் வாங்கி அடித்துப் பாருங்கள். நான் இங்கே எழுதிய எல்லாவற்றையும்விட அது கூடச் சொல்லும்.

பிறகு தேடி வாங்கினேன். 6 முதல் பிட்சிங் வெட்ஜ் வரை சீனியர் கிராஃபைட் அயன்கள் 150 டொலர். முந்தியவர் 5ஆம் அயனைத் தொலைத்துவிட்டதால் விலை குறைந்தது. எனக்கு அது தேவையும் இல்லை. ஹைபிரிட் 40, சாண்ட் வெட்ஜ் 20, பட்டர் 10. மொத்தம் 220 டொலர். மினுங்கிய செட்டை, வேகமாக வீசக்கூடிய ஓர் இளைஞனுக்கு 80 டொலருக்கு விற்றேன். அவனுக்கு அது சரியாக இருந்தது.

அப்போது ஆகஸ்ட் முதற் கிழமை. மகனிடம் நானாகக் கேட்டேன், “தம்பி, ஞாயிற்றுக்கிழமை போவமா?” அவன் பையைத் திறந்து மட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். “இப்பதான் உங்கட மட்டை” என்றான். அவன் போவதற்கு முன் நான்கு ஞாயிறுகள் கிடைத்தன. நான் ஒருமுறைகூட அவனை வெல்லவில்லை. குழிக்குக் குழி நடக்கும்போது அவன் பேசினான். வீட்டில் பேசாததையெல்லாம் பேசினான்.

கார்த்திகையில் போன் எடுத்தபோது கேட்டான்: “மட்டையைக் கராஜுக்குள்ள விட்டிட்டீங்களா அப்பா? ஈரம் கண்டால் கறள் பிடிக்கும். உள்ளுக்க எடுத்து வையுங்கோ. பட்டரின்ர பிடியையும் மாத்துங்கோ, சித்திரையில வாறன்.”

எடுத்து வைத்துவிட்டேன். பிடியும் மாற்றியாயிற்று.